யாரைத் திட்டுகிறோம்? இலங்கை அணியின் தலைமைத் தடுமாற்றமும் ஊவாத் தோட்டத்து ரசிகரும்

1. கேள்வி

2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை ஆடவர் கிரிக்கெட் அணிக்கு, டெஸ்ட், ஒருநாள், இருபதுக்கு 20 மூன்றிலும் சேர்த்து ஏழு பேர் தலைமை தாங்கினார்கள்: அஞ்சலோ மெத்யூஸ், ரங்கன ஹேரத், தினேஷ் சந்திமால், உபுல் தரங்க, லசித் மாலிங்க, சாமர கப்புகெதர, திசர பெரேரா. அதே ஆண்டில் தென்னாபிரிக்காவிடமும் இந்தியாவிடமும் பாகிஸ்தானிடமும் ஒருநாள் தொடர்களை 0–5 என்று அணி பறிகொடுத்தது. ஓகஸ்ட் 20ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவிடம் ஒன்பது விக்கெட்டால் தோற்றபின் ரசிகர்கள் அணியின் பஸ்ஸை மறித்துக் கூச்சலிட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பல்லேகலையில் மைதானத்துக்குள் போத்தல்கள் விழுந்தன, ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது.

பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலையிலும் பண்டாரவளையிலும் மறிப்பதற்குப் பஸ் இல்லை. சர்வதேசப் போட்டி நடக்கும் மைதானம் ஊவா மாகாணத்தில் ஒன்றுகூட இல்லை. இங்கே கோபம் டீக்கடையிலும் சலூனிலும் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பிலும் தீர்க்கப்பட்டது. ஆனால் அதன் வடிவம் தம்புள்ளையில் இருந்ததுதான்: கெப்டன் சரியில்லை, மாற்று. மாற்றினார்கள். வந்தவரும் சரியில்லை என்றார்கள். மறுபடி மாற்றினார்கள்.

அணி தோற்கும்போது கோபம் ஏன் அந்த ஓர் ஆளின் மேல் குவிகிறது என்பது பழைய கேள்வி. அதற்கு ஓரளவு நல்ல விடைகள் இருக்கின்றன. இக்கட்டுரை அதற்கு அப்பால் ஒன்றைக் கேட்கிறது. நாட்டின் குடிமக்களா என்பதே அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தமிழ் மக்கள், அந்த நாட்டு அணியின் தலைவரைத் திட்டும்போது என்ன செய்கிறார்கள்? தலைவரைத் திட்டுவது அவர்களுக்கு அணியைவிட்டு விலகாமல் இருப்பதற்கான வழி என்பது என் வாதம். அந்த வழிக்கு அவர்கள் கொடுத்துவரும் விலை என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

விளையாட்டு ரசிகர் பற்றிய ஆய்வுகளில் கணிசமானவை அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றுள் சில கல்லூரிக் கால்பந்தைச் சுற்றியவை. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் இருப்பார். தம் அணி தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத் துண்டிலும் பந்து முதலில் வருவது அவர் கைக்குத்தான். அதனால் தோல்வி முழுவதும் அவர் கையில் இருந்ததாகவே கண்ணுக்குத் தெரியும். அவர் தடுமாறினால் அரங்கம் முழுவதும் இரண்டாவது ஆளை இறக்கச் சொல்லிக் கத்தும். இன்னும் ஆடாத அந்த இரண்டாமவருக்கு ஒரு வசதி உண்டு: அவர் இன்னும் தோற்கவில்லை. இலங்கையில் 2015க்குப் பின் ஒவ்வொரு புதிய தலைவரும் பதவிக்கு வருமுன் அனுபவித்த மதிப்பும் இதுதான்.

உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஏழு பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கவனித்தது. சனிக்கிழமை தம் அணி வென்றிருந்தால் திங்கட்கிழமை பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடையோடு வருவோர் கூடினார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்றிருந்தால் ‘நாம்’ என்றும் தோற்றிருந்தால் ‘அவர்கள்’ என்றும் பேசும் போக்குத் தென்பட்டது. வெற்றியில் ஒட்டிக்கொள்வதும் தோல்வியில் நழுவுவதும் ரசிகர் இயல்பு என்ற முடிவு அதிலிருந்து பரவியது.

சமூகவியலாளர்கள் தலைமைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பேஸ்போல் அணிகளின் முகாமையாளர் மாற்றங்களை ஆராய்ந்த ஒஸ்கார் கிரஸ்கி, 1963இல், அடிக்கடி மாற்றும் அணிகளே மோசமாக ஆடுவதாகக் காட்டினார். காம்சனும் ஸ்கொட்ச்சும் மறு ஆண்டே அதை எதிர்த்து எழுதினார்கள். முகாமையாளரை நீக்குவதால் ஆட்டம் மாறுவதில்லை, அது பலிக்கடாச் சடங்கு, அதனால் கூட்டத்தின் கோபம் ஆறுகிறது, அவ்வளவே என்பது அவர்கள் தரப்பு. 1985இல் ஜேம்ஸ் மைண்டலும் சகாக்களும் இதைப் பொதுவாக்கினார்கள்: காரணங்கள் பலவாகிச் சிக்கும்போது மனிதர்கள் எல்லாவற்றையும் தலைவர் என்ற ஒருவரில் ஏற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

இவற்றோடு பொருளியலாளர் அல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வகுத்த பிரிப்பையும் வைத்துக்கொள்கிறேன். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதன் மக்கள் முன் இரண்டு வழிகள் உண்டு: வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் உள்ளவர் வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரல் கொடுக்கிறார். தோட்டத்து ரசிகரைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது இதுவே. ஏனெனில், பின்னால் வரும் காரணங்களால், வெளியேறும் வாசல் அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது.

3. தலைமை மாற்றத்தின் கணக்கு

முதலில் சான்றைப் பார்ப்போம். தலைவர்களை மாற்றியதால் ஏதாவது மாறியதா?

முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார். மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் 2014க்கும் 2015க்கும் இடையில் அடுத்தடுத்து விலகினார்கள். 25 வயதில் டெஸ்ட் தலைமை ஏற்ற மெத்யூஸின் தோளில் ஒரு தலைமுறையின் வெற்றிடம் ஏறியது. 2017 ஜூலையில் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை 2–3 என்று தோற்றதும் அவர் விலகினார். டெஸ்டுக்குச் சந்திமால், மற்ற இரண்டுக்கும் தரங்க. அடுத்த மாதமே, தாமதமாகப் பந்துவீசிய குற்றத்துக்காகத் தரங்கவுக்கு இரண்டு போட்டித் தடை, கப்புகெதர வந்தார், அவர் காயமடைய மாலிங்க. ஐந்து போட்டிகளுக்குள் மூன்று தலைவர்கள், ஐந்திலும் தோல்வி.

2018 தொடக்கத்தில் மெத்யூஸிடமே பொறுப்பு திரும்பியது. அவ்வாண்டு ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் தோற்று வெளியேறியதும் மறுபடி நீக்கப்பட்டார். தம்மைப் பலிக்கடா ஆக்கியதாக அவர் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வந்தது. காம்சனும் ஸ்கொட்ச்சும் ஆய்வேட்டில் எழுதியதை, பலியிடப்பட்டவரே கையெழுத்திட்டு உறுதிசெய்தது போன்ற கடிதம் அது. பிறகு சந்திமால், மாலிங்க என்று போய், 2019 உலகக் கிண்ணத்துக்கு, 2015 உலகக் கிண்ணத்தின்பின் ஒருநாள் போட்டியே ஆடியிராத திமுத் கருணாரத்ன தலைவரானார். 2021இல் குசல் பெரேரா, அதே ஆண்டில் தசுன் ஷானக, 2023இல் குசல் மெண்டிஸ், 2024இல் சரித் அசலங்க என்று ஒருநாள் பட்டியல் தொடர்ந்தது.

இந்த வரிசை கிரஸ்கியின் பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தோன்றும். முழுமையாகச் சொல்ல முடியாது. கருணாரத்ன டெஸ்ட் தலைமை ஏற்ற முதல் தொடரிலேயே, 2019 பெப்ரவரியில், தென்னாபிரிக்காவை அதன் மண்ணில் 2–0 என்று வென்றது இலங்கை. எந்த ஆசிய அணியும் அதற்குமுன் செய்யாதது. ஆனால் அந்தத் தொடரின் டர்பன் போட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது குசல் பெரேராவின் ஆட்டமிழக்காத 153உம், கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவோடு சேர்ந்து எடுத்த 78 ஓட்டமும். தலைவர் உதவியிருக்கலாம், எவ்வளவு என்று பிரித்தெடுக்க இயலாது. ஷானகவின் கதை இன்னும் தெளிவானது. எரிபொருள் வரிசைகளின் ஆண்டான 2022இல், நாட்டில் நடத்த முடியாமல் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் போன ஆசியக் கிண்ணத்தை அவர் தலைமையில் வென்றோம். செப்டெம்பர் 11 இரவு பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் தோற்கடித்தோம். ஓராண்டும் ஆறு நாளும் கழித்து அதே கிண்ணத்தின் இறுதிப் போட்டியில், அதே தலைவரின் கீழ், இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். தலைவர் மாறவில்லை. விளைவு தலைகீழானது.

தலைவருக்கு மேலே இருப்பவர்களை இந்தக் கணக்கு மறைக்கிறது என்பதே எனக்கு முக்கியம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்படவிருந்த ஒன்பது வீரர்கள் அந்த அங்கீகாரம் இல்லாததால் நிறுத்தப்பட்டார்கள். 2023 நவம்பரில் அமைச்சர் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் நிர்வாகத்தையே கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார்; நீதிமன்றம் அந்நியமனத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது; நிர்வாகிகள் விலக வேண்டும் என்று நாடாளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது; மறுநாளே சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது; அம்மாதம் முடியுமுன் அமைச்சரும் பதவியிழந்தார். அணித்தலைவர் பதவி என்பது இவ்வளவு கைகளுக்குக் கீழே, எல்லாவற்றிலும் தாழ்வான, எல்லாவற்றிலும் வெளிச்சமான இடம். தொலைக்காட்சியில் தெரியும் முகம் அவருடையது மட்டுமே.

4. அடிலெய்ட், 1999

அப்படியானால் ரசிகர் ஏமாந்து போகிறார் என்று முடித்துவிடலாமா? மலையகத்தில் அப்படி முடிக்க முடியாது. இங்கே அணித்தலைவர் என்பவர் யார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மனத்தில் பதிந்து கிடக்கிறது.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. முரளிதரனின் பந்தை எறிபந்து என்று கூறி நடுவர் ரொஸ் எமர்சன் ‘நோ போல்’ கொடுக்கிறார். 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் செய்ததன் தொடர்ச்சி. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதிடுகிறார், பிறகு அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போகிறார். ஆட்டம் நிற்கிறது. மறுபடி தொடங்கி, 303 என்ற இலக்கை ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க இலங்கை எட்டுகிறது.

கிரிக்கெட் ஒழுங்கின் பார்வையில் ரணதுங்க செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். தோட்டத்தில் அந்த வாதத்தை நான் கேட்டதில்லை. முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அந்த வழிவந்த ஒருவரை வெள்ளைக்கார நடுவர் கைகாட்டி நிறுத்தும்போது, ஒரு சிங்களத் தலைவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு அவர் பக்கம் நின்றார். 1983 ஜூலை இனவன்முறையைக் கண்ட, அந்த நேரத்திலும் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் இது சின்ன விடயம் அல்ல. நாட்டின் பெயரால் ஒருவர் நம்மவருக்காக முன்னால் நிற்பதை இங்குள்ளவர்கள் அவ்வளவு வெளிப்படையாக வேறெங்கே பார்த்திருப்பார்கள்?

அதனால் ஊவாத் தோட்டங்களில் தலைவரை அளக்கும் அளவுகோல் ஓட்டமும் சராசரியும் மட்டும் அல்ல. நெருக்கடியில் முன்னால் நின்றாரா என்பதும் சேர்கிறது. அந்த அளவில் பின்வந்தவர்கள் எல்லோரும் குறைந்துதான் போவார்கள். அவர்களுக்கு அடிலெய்ட் போன்ற ஒரு நாள் வாய்க்கவே இல்லை. இங்குள்ள ரசிகர் கொழும்பு ரசிகரைவிடத் தலைவரிடம் அதிகம் எதிர்பார்க்கிறார் என்றும், அதனால்தான் அதிகம் கோபப்படுகிறார் என்றும் நான் கருதுகிறேன். மைண்டலின் கோட்பாட்டில் இந்த நினைவுக்கு இடமில்லை. தலைமை மீதான மயக்கம் என்று அவர் சொல்வது, இங்கே ஒரு முறை உண்மையாகவே நடந்ததன் மேல் எழுந்த எதிர்பார்ப்பு.

5. திறந்திருந்த வாசல்

1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை விசுவாசத்தின் சோதனையாக முன்வைத்தார். அவர் சொல்வதற்கு வெகு முன்பிருந்தே மலையகத் தமிழர் அந்தச் சோதனைக்கு உள்ளாகியிருந்தார்கள், கிரிக்கெட் இல்லாமலேயே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்று மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தந்த சட்டம் வந்தது 2003இல். அப்போது இலங்கை உலகக் கிண்ணம் வென்று ஏழாண்டு ஆகியிருந்தது. 1996 மார்ச் 17 இரவு லாகூரில் அரவிந்த டி சில்வாவின் 107க்குத் தோட்டத்தில் கைதட்டியவர்களில் சிலர், சட்டத்தின் கண்ணில், அந்த நாட்டின் பிரசைகள் அல்லர்.

இந்திய அணியை ஆதரிப்பவர்கள் பதுளையில் இருக்கிறார்கள். அதை மறைக்கவேண்டிய தேவை இல்லை. நீலகிரியிலும் கூடலூரிலும் சொந்தம் உள்ள வீடுகள் எத்தனையோ. தமிழகத் தொலைக்காட்சி வீட்டுக்குள் இருக்கிறது. சென்னை அணியின் மஞ்சள் சட்டை பதுளைச் சந்தையிலேயே கிடைக்கும். ஹிர்ஷ்மன் சொன்ன வெளியேறும் வாசல் இதைவிட அகலமாக வேறு யாருக்கும் திறந்திருக்காது. இலங்கை தோற்கும் நாளில் அதே தொலைக்காட்சியில் வெல்லும் அணிக்கு மாறிக்கொள்ள ஒரு நொடி போதும்.

2023 நவம்பர் 2, மும்பை வாங்கடே மைதானம். உலகக் கிண்ணப் போட்டி. இந்தியா 357. அன்று மாலை ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து இஸ்தோப்பில், ஒரு கைத்தொலைபேசியைத் தகரப்பேணியில் சாய்த்து வைத்து ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை ஆட வந்தது. முதல் பந்திலேயே பெதும் நிஸ்ஸங்க போனார். தொடர் நடுவே ஷானக காயமடைந்ததால் தலைமை ஏற்றிருந்த குசல் மெண்டிஸ் ஒரே ஓட்டத்தில் போனார். 3க்கு 4. 14க்கு 6. “பாருங்க மாமா, கெப்டனே இப்பிடிப் போனா மத்தவன் எப்பிடி நிப்பான்?” என்றான் ஒரு பையன். கூட்டத்தில் மூத்தவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இவனுக்கு அரைப் பேர்கூடப் போடக்கூடாதுடா” என்றார். நாளுக்குரிய நிறைக் கொழுந்து சேராதவருக்குத் தோட்டத்தில் அரைப் பேர் போடுவார்கள், பாதிச் சம்பளம். அந்தத் தண்டனையைத் தன் வாழ்நாளில் வாங்கியவர்தான் அந்த அளவையால் அணித்தலைவரை அளந்தார். 55 ஓட்டத்துக்கு எல்லாம் முடிந்தபோது யாரும் இந்தியாவுக்குக் கைதட்டவில்லை. “நாங்க தோத்திட்டோம்” என்றும் யாரும் சொல்லவில்லை. “குசல் தோக்கடிச்சிட்டான்” என்றார்கள்.

சியால்டினியின் இரண்டு வகைக்குள் இது அடங்காது. தோல்வியில் ‘அவர்கள்’ என்று நழுவியிருக்க வேண்டிய இடத்தில், அணியை நம்முடையதாகவே வைத்துக்கொண்டு, தோல்வியை மட்டும் ஓர் ஆளின் பெயரில் எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பணத்தை இவன் தொலைத்துவிட்டான் என்ற கோபம் அது. வீடு நம்முடையது என்பதில் சந்தேகம் இல்லாதவருக்கே அது வரும். அந்த இஸ்தோப்பில் இருந்த மூத்தவருக்கு நாற்பது வயது தாண்டியபின்தான் பிரசாவுரிமைச் சான்று கிடைத்தது. டெபிட்டின் சோதனை கைதட்டலை எண்ணச் சொன்னது. ஊவாவில் எண்ணவேண்டியது வசவுகளை.

இந்த வாசிப்புக்கு ஒரு மறுப்பு உண்டு. இளையவர்களுக்கு இப்போது நாட்டு அணியே பெரிதில்லை, ஐபிஎல் வீரர்களைப் பின்தொடர்கிறார்கள், அவர்கள் கோபம் இவ்வளவு ஆழமானதல்ல என்பார்கள். ஓரளவு சரி. ஆயினும் மதீஷ பத்திரனவைச் சென்னை அணியில் பார்த்துப் பெருமைப்பட்ட அதே பையன்கள்தான் அவர் இலங்கைக்கு ஆடும்போது அகலப் பந்துகளை எண்ணிக் கொதிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஆள். கோபம் ஓர் இடத்தில்தான் வருகிறது.

6. ஊவா என்ற பெயர்

இனி அந்த வழிக்கு நாம் கொடுத்த விலை. கோபம் முழுவதும் தலைவரிடம் போய்ச் சேர்வதால், இந்த மாகாணத்துக்கே உரிய, கேட்கப்படவேண்டிய கணக்கு ஒன்று கேட்கப்படாமலே கிடக்கிறது.

2012இல் இலங்கைப் பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்தது. மாகாணங்களின் பெயரில் ஏழு அணிகள். இந்திய நிறுவனங்கள் வாங்கிய அணிகள். கிண்ணத்தை வென்றது ஊவா நெக்ஸ்ட். அவ்வாண்டுச் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்காகத் தென்னாபிரிக்காவுக்கும் போனது. ஆட்டங்கள் நடந்தது பல்லேகலையிலும் கொழும்பிலும். ஊவா மாகாணத்தில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அடுத்த ஆண்டு தொடரே நின்றுபோனது. ஊவாவுக்குக் கிடைத்த ஒரே தேசியக் கிண்ணத்தை ஊவாவில் யாரும் நேரில் பார்த்ததில்லை.

எட்டாண்டு கழித்து இதைவிடக் கசப்பான ஒன்று. 2020 ஜூன் 29இல், பதுளையில் நடப்பதாகச் சொல்லி ‘ஊவா டி20 லீக்’ என்ற பெயரில் ஓர் ஆட்டம் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. உண்மையில் அது ஆடப்பட்டது இந்தியாவின் சண்டிகருக்கு அருகிலுள்ள சவாரா என்ற கிராமத்து மைதானத்தில். சூதாட்டத்துக்காக நடத்தப்பட்டதென்று சந்தேகித்துப் பஞ்சாப் பொலிஸார் விசாரித்தார்கள். அந்த மோசடிக்காரர்கள் ஏன் பதுளையைத் தேர்ந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கொழும்பையோ கண்டியையோ காட்டி ஏமாற்ற முடியாது. அந்த மைதானங்களை உலகம் பார்த்திருக்கிறது. பதுளையின் மைதானம் எப்படி இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. வின்சென்ட் டயஸ் விளையாட்டரங்கைத் தினமும் கடந்து போகும் பதுளை மக்களைத் தவிர.

உள்ளே இருக்கும் நிலை என்ன? 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் சுமார் 815,000 பேர். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். தோட்டத்துப் பையன் ஆடுவது மென்பந்து. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்து மேட்டில் போட்டி நடக்கும். மேட்டிலிருந்து பந்து உருண்டால் தேயிலைக்குள் போகும், அதற்குத் தனி விதி இருக்கும். தேசிய அணிக்குப் போகும் பாதையோ கடினப்பந்தில் தொடங்குகிறது: மட்டை, கால்காப்பு, தலைக்கவசம், பயிற்றுநர், ஆடுகளம், வார இறுதிப் பயணம். கொழும்பு, கண்டி, காலி பாடசாலைகள் அதைப் பரம்பரையாகக் கொடுத்துவருகின்றன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350. அந்த வருமானத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல மட்டை வாங்குவது பல நாள் கொழுந்தை விலையாகக் கொடுப்பதாகும்.

முரளிதரனைக் காட்டி இதை மறுப்பது வழக்கம். தோட்டத்திலிருந்து ஒருவர் உலகின் உச்சிக்குப் போகவில்லையா என்பார்கள். தோட்டத்துக்கு வந்தது அவர் பாட்டனார். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கடினப்பந்து ஆடி வளர்ந்தவர். அவர் மேதைமையில் எள்ளளவும் குறையாமல் இதையும் சொல்லலாம்: லயத்திலிருந்து தேசிய அணிக்குப் பாதை உண்டு என்பதற்கு அவர் சான்றல்ல. அந்தப் பாதைக்கு லயத்திலிருந்து முதலில் வெளியேறவேண்டும் என்பதற்கே சான்று. அவரும் ஒருநாளும் இலங்கைக்குத் தலைமை தாங்கியதில்லை. 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம் என்ற தமிழர். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் ஆடி வளர்ந்தவர். சில மாதங்களில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவருடைய உரிமையை அது தொடவில்லை. தேயிலைக்குள் நின்றவர்களுடையதைத்தான் பறித்தது. தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இடைவெளியைக் கிரிக்கெட் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள்.

பாதை இல்லாத இடத்தில் பாதை போட முடியும் என்பதற்கு வடக்கு ஒரு சான்று தருகிறது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு ஓர் அணி கிடைத்தது. அந்த அணி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற இளம் சுழற்பந்து வீச்சாளருக்கு இடம் கொடுத்தது. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் இலங்கைக்கு ஆடினார். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடினார். யாழ்ப்பாண அணிக்கும் சொந்த மண்ணில் ஆட்டம் நடக்கவில்லை, அதன் பெரும்பாலான வீரர்களும் வெளியூரார். ஆயினும் ஊர்ப்பெயர் இருந்ததால் ஊர்ப் பையன் ஒருவனைத் தேடவேண்டிய கடமை இருந்தது. அத்தொடரின் ஐந்து அணிகள் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். ஊவாவுக்கு அந்தப் பெயரளவு இடமும் இல்லை.

7. குரலின் திசை

ரசிகர் என்று இதுவரை சொன்னதில் பெண்கள் குறைவு. ஆட்ட நேரத்தில் அவர்கள் மலையில் இருக்கிறார்கள், அல்லது இறங்கி வந்து அடுப்படியில் இருக்கிறார்கள். இஸ்தோப்பில் உட்கார நேரம் கிடைப்பது ஆண்களுக்குத்தான். 2024 ஜூலை 28இல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தை எடுத்த இலங்கை அணியின் தலைவி சமரி அத்தபத்துவைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தனியே ஆராயப்படவேண்டியது. ஆண்களின் கோபத்தை வைத்து அதை ஊகிக்க முடியாது.

தலைவரைத் திட்டுவதை நிறுத்தச் சொல்வது என் நோக்கம் அல்ல. அது இந்த மக்கள் அணியைத் தமதாக்கிக்கொண்ட வழி. அதை அறியாமை என்று எழுதுவோர் அதில் இருக்கும் உரிமைக் கோரலைக் காணத் தவறுகிறார்கள். ஆனால் குரல் போய்ச் சேரும் இடம் தவறு. 2023 நவம்பரில் நாடாளுமன்றம் ஏகமனதாகப் பேசியபோது பேச்சு நிர்வாகிகளை நீக்குவதைப் பற்றியதாக இருந்தது. கொழும்பில் யார் நாற்காலியில் உட்காருவது என்பதைப் பற்றியதாக இருந்தது. பதுளை மாவட்டத்துப் பாடசாலைகளில் எத்தனைக்குக் கடினப்பந்து ஆடுகளம் உண்டு, அவற்றுள் தமிழ்மொழிப் பாடசாலைகள் எத்தனை, தோட்டப் பிரிவில் ஒரு பயிற்றுநராவது நியமிக்கப்பட்டிருக்கிறாரா, மாகாண அணிக்கான தெரிவு அறிவித்தல் தமிழில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது? இவை இலங்கை கிரிக்கெட் நிறுவனத்திடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய கேள்விகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொது அதிகார சபைகள் பதில் தரக் கடமைப்பட்டவை. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். குசல் மெண்டிஸுக்கு அரைப் பேர் போடச் சொன்னவர், அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடவும் தகுதியுள்ள பிரசை.